முயலுக்கென்று பறித்த பண்ணைக்கீரை

அன்றைக்கு என் வேலை பண்ணைக்கீரை பறிப்பது மட்டும்தான்.

மகளைப் பாலசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு, சம்பந்தியம்மா முதல் தடவையாக எங்கள் திண்டுக்கல் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். "அத்தைக்குப் பண்ணைக்கீரைன்னா உசுருப்பா" என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து மகள் சொல்லியிருந்தாள்.

கடையில் அது கிடைக்காது. களை என்று பிடுங்கி எறிவார்கள். நான்தான் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே விதை தூவி, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்க்கிறேன்.

"குறை சொல்ல எடம் வச்சிராதீக. அப்புறம் நம்ம புள்ளதான் அங்க பேச்சு வாங்கணும்" என்றாள் என் மனைவி.

பூ விடாத கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மேரி டீச்சர் வந்து நின்றார்.

"என்னண்ணே, களையப் போயி இம்புட்டுப் பக்குவமா கிள்றீக. முயலுக்கா?"

எங்களுக்கு என்று சொல்ல வெட்கம். தலை தானாக ஆடிவிட்டது.

"ஆணா, பொட்டையா?"

பொய்யாக இருந்தாலும் அரைகுறையாகச் சொல்ல எனக்கு வராது. கொஞ்சம் யோசித்து, "ஆணு" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்று போய்விட்டார். என்ன நல்லது என்று நான் கேட்கவில்லை.

மதியம் சம்பந்தியம்மா சோற்றில் கீரையைப் பிசைந்து முதல் வாய் வைத்தார். அப்போது வாசலில் டீச்சர். கையில் கூடை. கூடைக்குள் வெள்ளை முயல்.

"எங்க பொட்ட துணையில்லாமக் கெடக்குண்ணே. உங்க முயலோட செத்த நேரம் விட்டுப் பாப்பமா?"

"எங்க வீட்ல ஏது முயலு?" என்றாள் என் மனைவி.

"அண்ணந்தான் சொன்னாக. காலைல அதுக்குத்தான பண்ணைக்கீரை பறிச்சாக."

சம்பந்தியம்மாவின் கை அப்படியே நின்றது. இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. அது இன்னும் மோசம்.

"முயலெல்லாம் இல்லம்மா" என்றேன். "நாங்கதான் திங்கிறோம். சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"அப்ப ஆணுன்னு சொன்னீகளே?"

சம்பந்தியம்மாதான் பதில் சொன்னார்.

"அதுல பொய் இல்லீங்களே. அவரு ஆணுதானுங்க." சொல்லிவிட்டு என் மனைவியிடம் திரும்பினார். "ஏனுங்க, கீரை இன்னொரு கரண்டி வையுங்க."

மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டீச்சரையும் உட்காரவைத்து இலை போட்டாள். களையை ஒரு வாய் தின்று பார்த்த டீச்சர், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் விடிந்ததும் நான் போய்ப் பார்த்தால் செடிகள் மொட்டையாக நிற்கின்றன. யார் பறிப்பது என்று தெரியும். போய்க் கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது.