படத்துக்குப் படம் செத்தவர்

சாவதில் ஊமைப்படத்தாரை மிஞ்ச இந்தப் பூமியில் ஆளே கிடையாது. அயோத்தியாப்பட்டணம் ரோட்டில், இப்போது பெட்ரோல் பங்க் இருக்கும் இடத்தில், அப்போது ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் இருந்தது. நான் அங்கே குமாஸ்தா, அவர் வாட்ச்மேன். சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்பு மதராசில் நடித்தவர். கதாநாயகனிடம் மோதிச் சாகும் வேடம்தான் எப்போதும். கத்திக்குத்து, பாம்புக்கடி, மலையுச்சி என்று படத்துக்குப் படம் செத்திருக்கிறார்.

டீ வேளையில் லோடு ஏற்றுகிறவர்கள், "ஏனுங்க, இன்னைக்கு எந்தச் சாவுங்க?" என்று கேட்டால் போதும்.

"வெசம் குடிச்சுச் சாவட்டுங்களா?" என்பார். தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண் செருகி, ஜவ்வரிசி மூட்டைகள் மேல் சரிந்து, கடைசியாக ஒரு விரலை மட்டும் ஆட்டி உயிரை விடுவார். ஒருமுறை சரக்குப் போட வந்த வியாபாரி பதறிப்போய் அவர் வாயில் சோடாவை ஊற்றிவிட்டார். புரையேறி, மனுஷன் நிஜமாகவே போய்ச்சேரப் பார்த்தார்.

சினிமா பேச ஆரம்பித்ததும் அவர் பிழைப்புப் போனது. ஆறடி உடம்பு, கொடுவா மீசை. குரலோ அணில் கத்துவது போலிருக்கும்.

"மைக்கு முன்னால நிக்கவெச்சு, கர்ஜனை பண்ணுன்னாங்க சாமி. பண்ணுனேன். கேமராக்காரரு சிரிச்சாரு. லைட்டுக்காரரு சிரிச்சாரு. அதுவரைக்கும் என்னையப் பாத்தாலே அழுவுற கொழந்தைகூடச் சிரிச்சுதுங்க."

அன்றே ரயிலேறி, சொந்த ஊரான வெண்ணந்தூருக்கு வந்து தறியில் உட்கார்ந்துவிட்டார். கண் மங்கிய பிறகுதான் எங்களிடம் சேர்ந்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது அவரும் சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

ஒரு மத்தியானம் பம்பாய்க் கிளையிலிருந்து டிரங்கால் வந்தது. எங்கள் ஷெட்டில் ஒரு லாரி நின்றிருந்தது. அதன் டிரைவர் பஞ்சாபிலிருந்து வந்தவன், கலியாணமாகாத இளவட்டம். ஊரில் அவன் தாய் இறந்துவிட்டாளாம். உடனே அனுப்பிவைக்கச் சொன்னார்கள். அவனோ பாட்டுப் பாடிக்கொண்டே லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்கள் யாருக்கும் அவன் பாஷை தெரியாது. மானேஜர் என்னைப் பார்த்தார். நான் கணக்குப்பிள்ளையைப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார்.

"நாஞ் சொல்லிட்டு வாரேனுங்க" என்று எழுந்தார் ஊமைப்படத்தார்.

அந்தப் பையன் முன்னால் போய்த் தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்துவைப்பாரோ என்று பயந்து பின்னாலேயே ஓடினேன்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீர்க் குழாயை மூடினார். வடக்கே கை காட்டி, அவன் நெஞ்சைத் தொட்டார். பிறகு குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கைகளையும் சேர்த்து மெல்ல ஆட்டினார்.

அவன் சிரித்தான். "மா?" என்றான்.

அவர் தலையசைத்தார். ஆட்டிக்கொண்டிருந்த கைகளை நிறுத்தினார். அதற்குமேல் ஒன்றுமே செய்யவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கியது. பிறகு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினான். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ரயிலேற்றிவிட்டு வந்ததும் அவர்தான்.

"நெசச் சாவுக்கு நடிக்கப்படாதுங்க சாமி," என்றார் என்னிடம். அதன் பிறகு டீ வேளையில் யாரும் அவரைச் சாகச் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து அவர் காலமானபோது வெண்ணந்தூருக்குப் போயிருந்தேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அவரு சினிமாவ உட்டுப்போட்டு வந்தப்புறந்தானுங்க நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டேன். ஒரு படமும் பாக்கலீங்க. நெசமாலுமே அவரு நல்லா நடிப்பாருங்களா சாமி?"

அவர் நடித்த படம் எதையும் நானும் பார்த்ததில்லை.

"ரொம்ப நல்லா நடிப்பாருங்கம்மா" என்றேன்.

பொய் சொன்னதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.