சங்கு ஊதிய ஜனாதிபதி

இந்தியாவின் ஜனாதிபதி ஆவதற்குச் சகல தகுதிகளும் கொண்ட ஒரு மனிதர் அறுபதுகளில் செஞ்சியில் இருந்தார். டெல்லிக்குத்தான் விஷயம் தெரியவில்லை. பஞ்சாயத்து ஆபீஸில் அவருக்குச் சங்கு ஊதும் வேலை. அதாவது மூன்று வேளையும் ஊருக்கு மணி சொல்லும் சைரனின் ஸ்விட்சைப் போட்டு அணைப்பது. நான் அங்கே கிளார்க். ஊரே அவரை ஜனாதிபதி என்றுதான் கூப்பிட்டது. அவரும் லேசாகத் தலையசைத்து ஏற்றுக்கொள்வார்.

"முப்பத்தஞ்சு வயசு ஆவணும், ஆயிட்டுது. இந்தியக் குடிமகனா இருக்கணும், தொண்டூர்ல பொறந்தவன். புத்தி சுவாதீனத்துல இருக்கணும்..." என்று விரல்விட்டு எண்ணுவார். மூன்றாவது விரலுக்கு டீக்கடையே இருமும்.

ஜனாதிபதி மாளிகையில் படிகள் அதிகம் என்று எவனோ கொளுத்திப் போட்டுவிட்டான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ராஜகிரிக் கோட்டை உச்சிவரை ஏறி இறங்கினார், அதுவும் பஜார் தையற்கார பாய் தைத்துக் கொடுத்த மூடிய காலர் கோட்டோடு.

"வேர்க்கலையா அண்ணே?"

"பதவின்னா வேர்க்கத்தான் செய்யும் சார்."

ஜனாதிபதி தேர்தலும் வந்தது. எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் அந்தக் காலத்தில் வேட்பு மனு செல்லும். தொண்டூருக்குக் கிணறு திறக்க வந்த ஒரு எம்.எல்.ஏ., ஜீப் பானட்டின் மேல் ஊர்க்காரர்களின் மனுக்களைப் போட்டு மடமடவென்று கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். நம்மவர் டைப் அடித்த வேட்பு மனுவை நீட்டினார். எம்.எல்.ஏ. ஒரு வரிகூடப் படிக்காமல், 'பரிந்துரைக்கிறேன். தாசில்தார் ஆவன செய்யவும்' என்று எழுதிக் கட்டோடு அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் தாலுகா ஆபீஸிலிருந்து முறைப்படி பதில் வந்தது: 'மனுதாரர் கோரும் பதவி இவ்வலுவலகத்தில் காலியில்லை.'

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் மேஜை டிராயரைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று, வரும் ஒன்றாம் தேதி முதல் வேலையை ராஜினாமா செய்து அவர் கொடுத்த கடிதம் அதில் கிடந்தது. நான்தான் மேலே அனுப்பாமல் வைத்திருந்தேன்.

அவர் மனைவி ஆபீஸுக்கே வந்துவிட்டார். "இதுல இன்னா ஆதாயத்தக் கண்டாராம் சார்? டெல்லி கெடைக்காதுன்னு எனக்குத் தெரியும். இதுவும் போச்சுன்னா மூணு பொண்ணுங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்?"

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஜனாதிபதி தொடவில்லை. "குடுத்த ராஜினாமாவ வாங்கிக்கினா நாடு என்னை நம்புமா சார்?"

வேறு வழியில்லாமல் அவர் தகுதிகளைப் படித்து வைத்திருந்த அரசியல் சட்டப் புத்தகத்தையே இரவல் வாங்கிப் புரட்டினேன்.

ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதவில்லை. ஸ்விட்ச் அறை வாசலில் கோட்டோடு, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது.

"அண்ணே, பதவிக்காலம் முடிஞ்சாலும், அடுத்த ஜனாதிபதி பொறுப்பேத்துக்கற வரைக்கும் பழையவர்தான் நீடிக்கணும். சட்டத்துல இருக்குதா இல்லையா?"

"இருக்குது."

"உங்க எடத்துக்கு யாராச்சும் வந்தாங்களா?"

அவர் எழுந்து, காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். எட்டே காலுக்குச் செஞ்சியில் எட்டு மணி ஆனது.

அடுத்த ஆளை நான் தேடவே இல்லை. அவரை விட்டால் எங்களுக்கு வேறு எந்த ஜனாதிபதியைத் தெரியும்?