முதல் பெஞ்சின் பேச்சு

"கோட்டுல குத்துடா, சட்டையில குத்தாதே" என்றான் முதல் பெஞ்சு.

ஊரில் மைக்செட் என்றே பெயர் வாங்கியிருந்தவன் ஊசியைக் கோட்டுக்கு மாற்றிக் குத்தினான். வேலையின்மையும் சுயதொழிலும் பற்றிய சர்வதேச இளைஞர் மாநாடு அது. அதில் பேச வந்திருக்கும் பெரிய மனிதன், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன், அங்கே முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்து அந்தப் பெயர் வாங்கியவன். அவன் கோட்டில் மைக் மாட்டிவிட வந்திருப்பவன் இவன்.

"முடிஞ்சதும் ஓடிடாதடா. உனக்கு ஒரு வேலை இருக்கு."

"கடைசி வயரைச் சுருட்டுற வரைக்கும் நான் எங்கே ஓடுறது?"

கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்த தன் மிக்ஸர் பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது மைக்செட்டுக்கு வயிறு எரிந்தது. படிப்பை முடித்துவிட்டு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலையில்லாமல் சுற்றினார்கள். இவன் பழைய ஸ்பீக்கர் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு பிழைக்கப் போனான். அவனோ வேலையில்லாததைப் பற்றியே பேசிப் பேசி விமானம் ஏறிவிட்டான். ஊரில் உள்ள மேடைக்கெல்லாம் சத்தம் கொடுத்தவனை யாரும் ஒருநாளும் மேடைக்கு வா என்று கூப்பிட்டதில்லை. அந்த ஏக்கம் அவனுக்கு நிறைய உண்டு.

மேடை மேஜையில் ஒரு கேடயம் வேறு பளபளத்தது. சிறந்த இளம் தொழில்முனைவோருக்காம். அது யாருக்குப் போகும் என்று தெரியாதா என்ன?

உதவிக்கு வந்திருந்த மச்சினன் ஒரு ஹெட்போனை நீட்டினான். "மாமா, அவர் இங்கிலீஷ்ல பேசுறதை இதுல தமிழ்ல சொல்றாங்க. மாட்டிக்குங்க."

"அவன் பெருமையை நான் ரெண்டு பாஷையில கேக்கணுமா? நீயே மாட்டிக்கோ."

பேச்சு தொடங்கியது. கூட்டம் மெய்மறந்து தலையாட்டியது. மைக்செட்டால் பொறுக்க முடியவில்லை. ஒரு குமிழை லேசாகத் திருகினான். ஸ்பீக்கர் 'கீங்' என்று அலறியது.

முதல் பெஞ்சு சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். மண்டபமே சிரித்துக் கைதட்டியது.

"மாமா, அவரு என்ன சொன்னாருன்னா..."

"வாயை மூடு."

அப்போது முதல் பெஞ்சு கையை நீட்டிக் கடைசி வரிசைப் பக்கம் காட்டினான். இருந்த தலை எல்லாம் திரும்பியது. வெளிநாட்டுக்காரி ஒருத்தி இவனைப் பார்த்துக் கைகூட ஆட்டினாள்.

"பாத்தியாடா! ஸ்பீக்கர் கத்தினதுக்கு என்னைக் காட்டிக் குடுக்கிறான். உலகமே பாக்குது!"

"ஐயோ, அது இல்ல மாமா..."

"நீ என் பக்கமா, அவன் பக்கமா?"

படக்கென்று மைக்கை அணைத்தான்.

முதல் பெஞ்சு அசரவில்லை. மேடையை விட்டு இறங்கி வந்து வெறும் குரலிலேயே பேச ஆரம்பித்தான். ஜனங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கைதட்டல் முன்பைவிட இரண்டு மடங்கு.

மச்சினன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவனை உதறிவிட்டு, மைக்செட் சுவரில் இருந்த மெயின் ஸ்விட்சையே கீழே இறக்கினான். மண்டபம் கும்மிருட்டானது. அடுத்த நிமிஷமே அத்தனை பேரும் செல்போன் விளக்கைப் போட்டு உயர்த்திப் பிடித்தார்கள். நடுவில் முதல் பெஞ்சு கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தான்.

"அடப்பாவி, நானே அவனுக்கு லைட் செட்டும் போட்டுக் குடுத்துட்டேனே!"

அவசரமாக எல்லாவற்றையும் மறுபடி போட்டான். மேடையில் மாநாட்டுத் தலைவர் ஸ்பீக்கர்களைப் பார்த்தார், மேடைக்குத் திரும்பி வந்த முதல் பெஞ்சின் காதில் ஏதோ சொன்னார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு மைக்கில் யாரையோ அழைத்தார். காளான் வளர்க்கும் ஒரு பெண் ஓடிவந்து கேடயத்தை வாங்கிக்கொண்டாள். முதல் பெஞ்சின் முகம் தொங்கிப்போனது.

மைக்செட்டுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

"கிடைக்கலை பாத்தியா, அவனுக்குக் கிடைக்கலை! இப்பச் சொல்லு, என்னமோ சொல்ல வந்தியே?"

மச்சினன் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினான்.

"'என்னோட வேலையில்லாம சுத்தினவன், ஒத்தை ஸ்பீக்கரோட சொந்தமாத் தொழில் ஆரம்பிச்சவன், அதோ பின்னால உக்காந்திருக்கான், கேடயம் வாங்க அவனைத்தான் மேடைக்குக் கூப்பிடப் போறோம், இத்தனை வருஷத்துல அவன் செட்டு ஒரு தடவைகூட மக்கர் பண்ணினதில்லை'ன்னு அவரு சொல்லிக்கிட்டு இருக்கும்போதுதான் மாமா, நீங்க மைக்கை அணைச்சீங்க."