கால்பலகைக்கு ஒரு விண்ணப்பம்

வைட்ஃபீல்டில் எங்கள் கம்பெனி உலகத் தரத்தை எட்ட ஒரே ஒரு தடைதான் பாக்கி இருந்தது. அது ஏழாம் மாடிக் கோடியில் இருந்த இந்தியன் கக்கூஸ். வெளிநாட்டு வாடிக்கையாளர் தவறிப்போய் அந்தக் கதவைத் திறந்துவிட்டால் தேசத்தின் மானம் என்னாவது என்று நாற்பத்தாறு பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தோம். கட்டட நிர்வாகி ரகுராம் அதைப் பரிவுடன் பரிசீலித்து, இரண்டே நாளில் இடித்துத் தள்ளினார். பிளம்பர் ஆம்ப்ரோஸ் மட்டும் பீங்கானை உடையாமல் பெயர்த்து, கேட்டு வாங்கிக்கொண்டு ஜீவனஹள்ளியிலுள்ள தன் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

பாதிக்கப்பட்டவர் ஒருவர்தான். டெஸ்டிங் பிரிவு வெங்கடராமன், வயது ஐம்பத்து மூன்று. அவருடைய வாடகை ஃபிளாட்டிலும் கமோடுதான். மூன்று வாரம் முக்கி முக்கி, மூலம் வந்து டாக்டரிடம் போனார்.

“குந்தி உட்கார்ந்தா குடல் பாதை நேராகும், இடுப்படித் தசை தானா தளரும். முக்கவே வேணாம். பழைய மாதிரியே போங்க” என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

சீட்டோடு ரகுராமிடம் போனார்.

“சார், குந்தறதுக்கு ஒரு இடம் வேணும்.”

“பாலிஸியிலே குந்தறது இல்லியே சார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.”

“மூணு வாரமா அதைத்தான் பண்றேன்.”

விவகாரம் நலவாழ்வுப் பிரிவு லவினாவுக்குப் போனது. நல்ல பெண். எந்தப் பிரச்சினையையும் கருத்தரங்கு ஆக்காமல் விடமாட்டாள். திரையில் தோன்றிய வெளிநாட்டு நிபுணர், மனிதனால் குந்த முடியும் என்ற தமது கண்டுபிடிப்பை ஒன்றரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். வெங்கடராமன் ஆரம்பத்திலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தார். அவரால் உட்கார முடியாது.

மறுமாதம் கப்பலில் கால்பலகை வந்தது. கமோடில் உட்கார்ந்து, பாதங்களை அதன்மேல் தூக்கி வைத்தால் பாதி குந்தியதாக ஐதீகம். வந்தது ஒன்றே ஒன்று. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, இருபத்துநாலு மணி நேரம் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள்.

“நாளைக்கு எப்போ வரும்னு இன்னிக்கே எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“டெஸ்டிங்லே இருக்கீங்க, எஸ்டிமேட் போடத் தெரியாதா சார்?” என்றாள் லவினா.

போட்டார். பத்தேகால் என்று எழுதினார். ஒன்பதரைக்கே வந்துவிட்டது, சாவி வரவில்லை. அடுத்த முறை சாவி வந்தது, அது வரவில்லை. ஒதுக்கப்பட்ட வளத்தைப் பயன்படுத்தத் தவறியதற்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மனுஷன் கண் கலங்கிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. மனுவில் நானும் கையெழுத்துப் போட்டவன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் அவர் முகம் தெளிந்துவிட்டது. ‘கால்பலகையால் வாழ்வு பெற்றவர்’ என்று லவினா அவருடைய படத்தை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினாள். அதைப் பார்த்து நாற்பத்தாறு பேரும் விண்ணப்பித்தோம். எனக்குக் கிடைத்தது அடுத்த வியாழன், மூன்று நாற்பது.

தாங்க முடியாமல் வெங்கடராமனைத் தனியாகப் பிடித்தேன். “உண்மையைச் சொல்லுங்க சார். அந்தப் பலகைதானா?”

“பலகையை நான் தொட்டதே இல்லே. தினம் காலையிலே ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போறேன். நம்ம பழைய பீங்கானை அங்கே பதிச்சிருக்கார். குந்தினா அஞ்சே நிமிஷம்.”

“நானும் வரட்டுமா சார்?”

“தாராளமா வாங்க. ஆனா சீக்கிரம் வரணும். ரகுராம் சார் தினமும் எனக்கு முன்னாடியே வந்து நிக்கறார்.”