காரைப்பட்டிக்கு ஒரு எதிர்க்கட்சி

சொர்ணவல்லியைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஓடைக்கு அந்தக் கரையிலேயே நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் மட்டும் துணிந்து ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். முழங்கால்வரை சேறு. செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. “பாலம் கட்டுனதும் சொல்லி அனுப்புங்க, வாரோம்” என்று கத்திவிட்டு, ஒற்றைச் செருப்போடு வண்டி ஏறிவிட்டார்.

மூன்றாவது வரன் இப்படிப் போனது. இந்தக் கரையில் வெற்றிலைத் தட்டோடு நின்ற செல்லமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர் மட்டுமல்ல, காரைப்பட்டியின் ஆளுங்கட்சிக் கிளைத் தலைவரும் அவர்தான். ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. அத்தனையும் ஆளுங்கட்சிக்கு. புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ப் பதிமூன்று வருஷமாக ஒரு ஓட்டுகூடச் சிந்தியதில்லை. பாலம் கேட்டு அவர் போட்ட மனுக்களை அடுக்கினாலே ஓடையைத் தாண்டிவிடலாம்.

புதுக்கோட்டையில் இருந்த வட்டாரத் தலைவர் கடைசி மனுவுக்குப் பதில் எழுதியிருந்தார்: ‘காரைப்பட்டியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.’ அதைப் பாராட்டு என்று நினைத்து, செல்லமுத்து ஊர் கூட்டி வாசித்துக் காட்டியிருந்தார்.

அன்னவாசலில் இருந்து ஆடு வாங்க வந்த யாக்கூப் ராவுத்தர்தான் விஷயத்தை உடைத்தார்.

“நெல்லிவிடுதிக்குப் போன வருசம் பாலம் வந்துச்சே, எப்படி? அங்க பாதிக்குப் பாதி எதிர்க்கட்சி. ஓட்டுப் போயிருமேன்னு பயந்து கட்டுறாக. ஒங்க ஊருக்கு எதுக்குப் பயப்படணும்?”

“அப்ப நாங்க என்னதான் செய்யிறது ராவுத்தரே?”

“ஒரு எதிர்க்கட்சிய ஆரம்பிங்க.”

ராவுத்தர் விளையாட்டாகச் சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். செல்லமுத்து அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே மனைவி ராசாத்தியின் தம்பி சோலையப்பனைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, நாளையிலேருந்து நீ எதிர்க்கட்சி.”

“நான் என்ன தப்புப் பண்ணேன் மச்சான்?” என்று சோலையப்பன் பதறினான்.

“தப்பு இல்லடா, பதவி. கிளைச் செயலாளர். என்னையத் திட்டிப் பேசணும், அம்புட்டுத்தான்.”

“எனக்குத் திட்டத் தெரியாதே.”

“நான் எழுதித் தர்றேன்.”

தன்னைத் தானே திட்டி எழுதுவது லேசான காரியமில்லை. செல்லமுத்து இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். காரமாக ஒரு வரி எழுதுவார், மனசு கேட்காமல் அடித்துவிடுவார். கடைசியில் ‘மதிப்பிற்குரிய செல்லமுத்து அவர்கள் இன்னும் சற்றுச் சுறுசுறுப்பாக இருக்கலாம்’ என்ற அளவில் கண்டனம் தேறியது. கொடியை ராசாத்தி தைத்தாள். கொடிக்கம்பம் செல்லமுத்துவின் வேலியில் இருந்த மூங்கில். பத்துப் பேரைச் சேர்த்து எதிர்க்கட்சி உதயமானது.

உடனே புதுக்கோட்டைக்குக் கடிதம் பறந்தது: ‘ஐயா, இங்கே எதிர்க்கட்சி தலைதூக்கிவிட்டது. பாலம் அவசரம்.’

பதில் வந்தது: ‘பத்துப் பேர்தானே. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.’

பத்து போதாது என்று தெரிந்துவிட்டது. செல்லமுத்து தன் கட்சிக்காரர்களைக் கூட்டினார். “கீழத்தெரு ஆளுக பூரா எதிர்க்கட்சியில போய்ச் சேருங்க. எலெக்சனுக்கு முந்தின நாளு எல்லாரும் திரும்பி வந்திரணும். இது கட்சிக் கட்டளை.”

கட்டளையை மீறிப் பழக்கமில்லாத ஊர். கீழத்தெரு அப்படியே போனது. ஆனால் போனவர்களுக்கு அங்கே பிடித்துப்போய்விட்டது. செல்லமுத்துவின் கட்சியில் வருஷத்துக்கு ஒரு தடவை கொடியேற்றிக் கல்கண்டு கொடுப்பார்கள். சோலையப்பனோ ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுப் படிப்பகம் என்று பெயர் வைத்தான். தினமும் ஒருவன் பேப்பர் படிக்க, மற்றவர்கள் கேட்டுக் கோபப்பட்டார்கள். வேலைவெட்டி முடிந்து வந்து கோபப்படுவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று காரைப்பட்டிக்கு அதுவரை தெரியாது. மேலத்தெருவும் கட்டளை இல்லாமலே கிளம்பிவிட்டது.

சோலையப்பன் எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பேச ஆரம்பித்தான்.

“பதிமூணு வருசமா ஒரு பாலத்தக் கேட்டு வாங்கத் துப்பில்லாத தலைவரு நமக்கு எதுக்கு?”

கூட்டம் ஆரவாரித்தது. செல்லமுத்து ஓடிப்போய் மேடையின் ஓரத்தில் நின்று கிசுகிசுத்தார். “டேய், இது நான் எழுதித் தரலையே!”

“நெசந்தானே மச்சான்?” என்றான் அவன்.

அவருக்குச் சுருக்கென்றது. நிஜம்தான் என்பதால் இன்னும் அதிகமாகச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தால், பெண்கள் வரிசையில் ராசாத்தி கைதட்டிக்கொண்டிருந்தாள்.

“நீயுமாடி?”

“என் மகளுக்குக் கல்யாணம் ஆகணும். யாரு பாலம் கட்டுறாகளோ அவுக என் கட்சி” என்றாள் ராசாத்தி. மறுநாள் செல்லமுத்து வீட்டுக் கூரையில் எதிர்க்கட்சிக் கொடி பறந்தது. அவர் அதன் கீழே உட்கார்ந்து ஆளுங்கட்சிக்கு இன்னொரு கடிதம் எழுதினார்: ‘ஐயா, நிலைமை எல்லை மீறிவிட்டது. என் வீடே போய்விட்டது.’

அந்தக் கடிதம் வேலை செய்தது. தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வட்டாரத் தலைவரின் ஜீப்பு வந்து ஓடையின் அக்கரையில் நின்றது. செல்லமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேறென்றும் பார்க்காமல் ஓடினார். இதோ பாலம், இதோ கல்யாணம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

“அவங்க பக்கம் எத்தனை பேரு செல்லமுத்து?” என்றார் தலைவர்.

“இருநூத்திப் பதினொண்ணுங்க ஐயா!” அபாயம் பெரிதாகத் தெரியட்டும் என்று உற்சாகமாகவே சொன்னார்.

“நம்ம பக்கம்?”

“நான் ஒருத்தன்தாங்க.”

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஒரு ஓட்டுக்குப் பாலமா? அதுவும் அந்த ஓட்டு எப்படியும் நமக்குத்தானே விழும்” என்று சொல்லிவிட்டு, கூட வந்தவர்களோடு பேசியபடி புளியமர நிழலுக்குப் போய்விட்டார்.

அதே நேரம் சோலையப்பன் அந்தக் கரை வழியாகவே தொங்கிய முகத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். தன் கட்சியின் பெரிய ஆபீசில் பாலத்துக்காக ஒரு போராட்டம் நடத்தச் சொல்லிக் கேட்கப் போயிருந்தவன்.

“என்ன மாப்ளே சொன்னாக?”

“காரைப்பட்டியப் பத்திக் கவலையே இல்லையாம் மச்சான். எல்லா ஓட்டும் நம்ம ஓட்டாம். வேற ஊருக்குப் போறாகளாம்.” அவன் சைக்கிளைச் சாத்திவிட்டுச் செல்லமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டான். “மச்சான், நீங்க மட்டும் கட்சி மாறிராதீங்க. எங்களுக்கு இருக்கிற ஒரே எதிர்க்கட்சி நீங்கதான்.”

செல்லமுத்து அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். முழுசாக ஒரு கட்சியில் இருந்தார்கள், பாலம் வரவில்லை. முழுசாக இன்னொரு கட்சிக்குப் போனார்கள், அப்போதும் வரவில்லை. வீட்டில் சொர்ணவல்லியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஜீப்பு ஓட்டி வந்த சவரியப்பன் எஞ்சினுக்கு ஊற்ற ஓடையில் வாளியை முக்கிக்கொண்டிருந்தார். மனசு தாங்காமல் செல்லமுத்து அவரிடமே புலம்பினார்.

“பாதியில நிறுத்தியிருக்கணுங்க. நெல்லிவிடுதி மாதிரி அவுகளுக்குப் பாதி, இவுகளுக்குப் பாதின்னு வெச்சிருந்தா எனக்கும் பாலம் வந்திருக்கும். எதிர்க்கட்சிய அளவா வளக்கத் தெரியாமப் போச்சு எனக்கு.”

சவரியப்பன் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் புளியமரத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“நெல்லிவிடுதிப் பாலத்துக்கும் கட்சிக்கும் என்னங்க சம்பந்தம்? தலைவரு சம்சாரத்துக்கு அதுதான் பொறந்த ஊரு. மாசம் ரெண்டு தடவ கோவிச்சுக்கிட்டு அங்கிட்டுப் போயிருவாக. கூட்டியார ஜீப்பு போகணுமுல்ல?”