உங்கள் அத்தை பெயரில் போன மன்னிப்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. அங்கே நீங்கள் இருவரும் சௌக்கியமா என்று கேட்கும் தகுதி எனக்கு இப்போது உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

உங்கள் அலுவலகத்தில் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்பவர் நீங்கள் என்பதால் இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். என் மகளின் பல் மருத்துவமனைத் திறப்பு விழாவில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னது அவள் செய்த பிழை. பேசியது என் பிழை. முப்பத்து நான்கு வருடம் தலைமை எழுத்தராக இருந்தவன் கையில் மைக்கைக் கொடுத்தால் வாழ்த்தா வரும்? பெயர்ப் பலகை ஒரு விரல் சாய்ந்திருக்கிறது, நோயாளிகள் பதிவேட்டில் பக்க எண் இல்லை, தீயணைப்புக் கருவி கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று ஏழு குறைகளை வந்தவர்கள் முன்னால் வரிசையாக வாசித்துவிட்டேன். ஐந்து வாரமாக அவள் என்னோடு பேசுவதில்லை. போனை நான் எடுத்தால் "அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு சரி.

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் அலுவலகத்தில் எந்தக் கடிதமும் எழுதியவன் பெயரில் போனதே கிடையாது. எழுதுவது நான், போவது மேலதிகாரி பெயரில். வீட்டில் மேலதிகாரி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அனுப்புநர் கட்டத்தில் என் முகவரியை அழித்துவிட்டு, உங்கள் அத்தைக்கு அவள் வேலை பார்க்கும் நூலகம் கொடுத்திருக்கும் முகவரியைப் போட்டு, 'அப்பா மிகவும் வருந்துகிறார். இனி இவ்வாறு நிகழாது' என்று எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டாம் நினைவூட்டலும் அனுப்பினேன். பெற்ற மகள் இவ்வளவு கல்நெஞ்சக்காரியா என்று ஒரு வாரம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நூலகத்தின் கணினிக்காரர் உங்கள் அத்தையைக் கூப்பிட்டு, யாரோ அவள் பெயரில் மோசடி அஞ்சல் அனுப்புவதாகச் சொல்லி, அவள் கணக்கையே பூட்டிவிட்டார். நூலகத்தின் பெயரில் எந்தெந்த இயந்திரம் அஞ்சல் அனுப்பலாம் என்று ஒரு பட்டியல் உண்டாம், அஞ்சலுக்குள் கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்றும் உண்டாம். இரண்டில் ஒன்றாவது அனுப்புநர் முகவரியோடு ஒத்துப்போகாவிட்டால் அஞ்சலை, அது போய்ச் சேரும் இடத்தின் வாசலிலேயே தடுத்து, நூலகத்துக்கும் தகவல் சொல்லிவிடுவார்களாம். என் மூன்று மன்னிப்பும் வாசலைத் தாண்டவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், எவனோ திருட்டுப் பயல் என்று திட்டத் தொடங்கினாள். நானும் கூடச் சேர்ந்து கொஞ்சம் திட்டினேன். பிறகு, அந்த அஞ்சலின் தலைப்பு 'இரண்டாம் நினைவூட்டல்' என்று இருந்ததாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மன்னிப்புக் கேக்கறதுக்குக்கூட என் பேருதான் கெடைச்சுதா?" என்றாள். "ஒரு தடவை உங்க பேர்ல கேட்டுத்தான் பாருங்களேன்."

எந்த மேலதிகாரியும் என்னை இப்படி மடக்கியதில்லை. அவள் சொன்னது நியாயம். இனி எதை எழுதினாலும் அனுப்புநர் நான்தான், அதில் மாற்றமில்லை. இந்தக் கடிதத்தை என் மகளிடம் காட்டுங்கள். அன்று வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் வாசலில் நின்றபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவேனோ என்ற பயத்தில்தான் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினேன். மைக்கில் நான் சொல்லியிருக்க வேண்டியது அந்தப் பெருமையைத்தான். தப்பு என்னுடையது, அம்மா. அப்பாவை மன்னித்துவிடு.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்படியே குறை இருந்தாலும் நான் இனி எண்ண மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா (அசல்)

பி.கு.: உறையின் மேல் அனுப்புநர் இடத்தில் உங்கள் அத்தை பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், எழுத்தையும் அவளைப் போலவே கொஞ்சம் சாய்த்து. தபால் பெட்டியைத் திறப்பது என் மகள்தானே. என் பெயரைப் பார்த்தால் கடிதம் உங்கள் கைக்கே வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அத்தையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.