குலசிங்கம் ஒளித்த புத்தகம்

புத்தகத்திலிருந்து மனைவியை எப்படியும் பிரித்தெடுத்துவிடுவது என்று குலசிங்கம் அன்று காலை முடிவெடுத்தார். முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் இழுவைப்படகு இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவர். ஒரு மனுசியைக் கதிரையிலிருந்து எழுப்புவது அவருக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை.

ஓய்வு பெற்று மூன்று கிழமைதான். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. விடிந்ததும் இறங்குதுறை வரை நடந்து, எந்தக் கப்பல் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். வந்த கையோடு திரும்பவும் போவார். கப்பல் அங்கேயேதான் நிற்கும். வீட்டில் ஒழுகாத பைப்பையெல்லாம் கழற்றிப் பூட்டினார். பூட்டிய பிறகு ஒழுகியது. ஆகஸ்ட் முடியப்போகிறது, கச்சான் காற்று இன்னும் அனலாக அடித்தது. சமைக்கிற இடத்துக்குக் காற்று வர குசினிச் சுவரை உடைத்து ஜன்னல் வைப்போம் என்று கரிக்கட்டியால் சுவரில் சதுரமும் கீறிவிட்டார். தங்கேஸ்வரி ஓம் என்று ஒரு சொல் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவள் சொல்லவில்லை. அவள் கணக்கு ரீச்சர், விடுமுறையில் மிச்சம் ஒரு கிழமை. பக்கத்து வீட்டு றுமானாவுக்கு நூலகத்தில் வேலை. வெயில் காலம் முடியுமுன் மனதுக்கு இதமாக வாசிக்கலாம் என்று, நல்லபடியாக முடிகிற கதைகளாகப் பார்த்து ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மண்ணிறக் கடதாசி உறை.

"இஞ்சேரும், அந்தச் சுவர்..."

"இந்த அதிகாரம் முடியட்டும்."

முடிந்தது. அடுத்தது தொடங்கியது.

முடிவைச் சொல்லிவிட்டால் யார் வாசிப்பார்கள்? அவள் குளிக்கப் போன நேரம் குலசிங்கம் கடைசிப் பக்கத்தைப் படித்தார். மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி போட்டுடைத்தார்.

"அந்த பேக்கரிக்காரி மாட்டு வைத்தியரைத்தான் கட்டுறாள்."

"தெரியும்."

"நீர் பாதிதானே வாசிச்சனீர்?"

"முதல் பக்கத்திலேயே அவளின்ர மாட்டுக்குக் காய்ச்சல். வைத்தியருக்குக் கலியாணம் ஆகேல்ல. பிறகென்ன? நல்லதுதான் நடக்கும் எண்டு தெரிஞ்சுகொண்டு வாசிக்கிறதுதானப்பா சுகம். நெத்தலிப் பொரியல் போடட்டோ?"

அந்த வழி சரிவரவில்லை. பின்னேரம் கதிரையில் அவள் வைத்துவிட்டுப் போன புத்தகத்தைத் தூக்கி, பின்பக்கக் கொட்டிலில் சுத்தியல், குறடு போடுகிற ஆயுதப் பெட்டிக்குள் ஒளித்தார். தேடட்டும், கதிரையை விட்டு எழும்பட்டும்.

அவள் தேடவில்லை. பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.

அடுத்த நாள் காலை, அப்படி என்னதான் இருக்கிறது என்று பெட்டியைத் திறந்தார். மலையூர்த் தபால்காரி ஒருத்தியின் கதை, முதலாம் பாகம். நின்றபடியே பத்துப் பக்கம் போனது. பிறகு பெட்டியைச் சாத்தி அதன் மேலேயே இருந்தார். மறுநாள் புத்தகத்தைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு இறங்குதுறைக்குப் போனார். புதுக் கப்பல் ஒன்று ஊதிக்கொண்டு உள்ளே வந்தது. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தபால்காரி தனக்கு வந்த கடிதத்தின் உறையைக் கிழிக்கிறாள். மிகுதி இரண்டாம் பாகத்தில்.

நேரே நூலகத்துக்கு நடந்தார். "இரண்டாம் பாகமும் அக்காவிட்டத்தானே இருக்கு" என்றாள் றுமானா.

கேட்டால் களவு வெளிக்கும். கேட்காவிட்டால் கடிதத்தில் என்ன என்று தெரியாது. கேற்றுக்கும் கதிரைக்கும் நடந்தார். தங்கேஸ்வரி வாசிப்பதும் தனக்குள் சிரிப்பதுமாக இருந்தாள். நாலு மணி வரை தாக்குப்பிடித்தார்.

"அந்தக் கடிதத்தில என்னவாம்?"

"எந்தக் கடிதம்?"

"தபால்காரிக்கு வந்தது." குரல் இறங்கியது. "புத்தகத்தை நான்தான் எடுத்தனான்."

அவள் கதிரைத் தலையணைக்குக் கீழிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்து நீட்டினாள். "நீங்கள் எடுக்கவேணுமெண்டுதானே கதிரையில வைச்சனான். உங்களை ஓரிடத்தில இருத்த ஏதும் இருக்கோ எண்டு றுமானாவைக் கேட்டு எடுத்தது. சுவரில கீறினதையும் கழுவிட்டன்."

குலசிங்கம் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்ய?

"நீர் வாசிச்சு முடிச்சிட்டீரோ?"

"நான் தொடவே இல்லை. ரெண்டு கதையோட எனக்கு அந்த இனிப்புத் தெவிட்டிப்போச்சு."

"அப்ப எதை வாசிச்சுச் சிரிச்சனீர்?"

கையிலிருந்ததை அவரிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அவர் உறையைத் திறந்து புரட்டினார். ஓய்வு பெற்ற புருஷனுக்கு மனுசி நஞ்சு வைக்கிற கதை. ஒன்பதாம் பக்கத்திலேயே ஆள் காலி. மிச்சம் இருநூறு பக்கமும் அவள் கடற்கரையில் நிம்மதியாகக் காற்று வாங்குகிறாள்.

தங்கேஸ்வரி கொண்டுவந்து நீட்டிய தேத்தண்ணியை அவர் கனநேரம் ஊதிக்கொண்டே இருந்தார்.